காசியில் எரிவது யாரோ ஒருவருடைய அப்பா

காசிக்குப் போய் வந்தவர்கள் தயவுசெய்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள். எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். படகில் இருந்தபடி, பிணங்களை எரிக்கும் கங்கைப் படித்துறையான மணிகர்ணிகா கட்டத்தில் எரியும் சிதைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எடுத்தது. டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழு, கோயில் தொண்டூழியர் குழு என்று எல்லாவற்றிலும் வந்து விழுகிறது. இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தால், தோசை வருவதற்குள் போனை நீட்டி, "இதப் பாருங்கண்ணே, கால் தனியாத் தெரியுது" என்கிறார்கள். வயிறு எரிகிறது.

கடைசியாக வந்ததில் ஒரு பையன். அன்றுதான் மொட்டை அடித்த தலை, இடுப்பில் வெள்ளை வேட்டி. கையில் எரியும் புல்கற்றையோடு சிதையைச் சுற்றி வருகிறான். நடை தடுமாறுகிறது, பின்னால் ஒரு பெரியவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார். கொள்ளி வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்புகிறான். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் எடுத்தவர்களுக்குப் போனைக் கீழே இறக்க மனம் வரவில்லை, படகிலிருந்து நம் ஊர்த் தமிழில் ஒரு குரல்: "ஜூம் பண்ணு, ஜூம் பண்ணு!"

நம் மண்டாய் தகனச் சாலையில் இப்படிச் செய்வீர்களா? உங்கள் அப்பாவின் பெட்டி உள்ளே நகரும்போது, முன்பின் தெரியாத சுற்றுப்பயணிகள் கண்ணாடி ஓரம் முண்டியடித்து வீடியோ எடுத்தால் சும்மா விடுவீர்களா? புளோக்குக் கீழ்த்தளத்தில் சாவுச் சடங்கு நடந்தால், யார் எவர் என்று தெரியாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போகிறவர்கள்தானே நாம்? அந்த மரியாதையைச் சாங்கியிலேயே கழற்றி வைத்துவிட்டா விமானம் ஏறுகிறீர்கள்?

கேட்டால், "காசியில சாவுன்னா துக்கம் இல்லைங்க, அது மோட்சம்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். காசியில் உயிர் பிரிந்தால் சிவனே காதில் தாரக மந்திரம் ஓதுவார் என்பது நம்பிக்கை. அதற்காகவே படுத்த படுக்கையான தாயைத் தூக்கிக்கொண்டு வந்து, முக்தி பவன் போன்ற விடுதியில் நாட்களை எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மோட்சம் கிடைத்தது என்ற ஆறுதல் அந்தக் குடும்பத்துக்கு. உங்களுக்குப் படம் பிடிக்கக் கொடுத்த அனுமதி இல்லை அது.

இன்னொரு கூட்டம், "காசு கொடுத்துத்தான் எடுத்தோம்" என்கிறது. யாரிடம் கொடுத்தீர்கள்? படித்துறையில் நின்று, விறகுக்கு என்று சொல்லிக் கை நீட்டும் ஓர் ஆளிடம். செத்தவருக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? பிணத்தின் மீது விலை பேசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

விசுவநாதர் சன்னதிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அங்கே மட்டும் வாய் பேசாமல் லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறார்கள்! பிடுங்குவதற்கு ஆள் இருந்தால்தான் ஒழுக்கமா? மாலையில் தசாசுவமேத கட்டத்தில் கங்கா ஆரத்தி நடக்கிறது, ஊரே கூடிப் பார்க்கிற வழிபாடு. எடுங்கள், ஆசை தீர எடுங்கள், நானும் பார்க்கிறேன். நான் சொல்வது சிதையைப் பற்றி.

வெளிநாட்டுக்காரன் செய்தால் தெரியாமல் செய்கிறான் என்று விடலாம். நமக்குக் காசி அந்நிய ஊரா? 17ஆம் நூற்றாண்டிலேயே குமரகுருபரர் அங்கே மடம் கண்டார். பாரதி இளவயதில் அனுமன் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். 1859இல் இங்கே டேங்க் ரோட்டில் முருகனுக்குக் கோயில் எழுப்பியது நகரத்தார் சமூகம். அதே சமூகத்தின் சத்திரம் காசியில் இருக்கிறது, விசுவநாதர் பூசைக்கான பொருள்கள் அங்கிருந்து இன்றும் ஊர்வலமாகப் போகின்றன. சுடலை காத்த அரிச்சந்திரன் கதையைச் சின்ன வயதில் கேட்டு அழுதவர்கள், அவன் பெயரில் இருக்கும் கட்டத்தின் முன் செல்ஃபி எடுக்கிறார்கள்.

டூர் ஏற்பாடு செய்கிறவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் கூட்டம் போட்டு, குளிருக்குச் சுவெட்டர், பாட்டில் தண்ணீர், வயிற்றுப்போக்கு மாத்திரை என்று ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். "சிதை எரியும் இடத்தில் போனை எடுக்காதீர்கள், அமைதியாக இருங்கள், படகை ஒதுக்கி நிறுத்தச் சொல்லுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? சொல்ல மாட்டீர்கள். அந்தக் காட்சியைக் காட்டித்தானே அடுத்த பயணத்துக்கு ஆள் பிடிக்கிறீர்கள்.

அந்தப் பையனின் வீடியோ இன்னும் எங்கள் குடும்பக் குழுவில் கிடக்கிறது, கைகூப்பும் படங்களோடு. போட்டவர் பெரியவர் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். மாமா, அதை அழியுங்கள். உங்கள் போனிலிருந்தும் அழியுங்கள். வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களிடமும் சொல்லுங்கள்.