ஜெஃப் கென்ட் உள்ளே, பாரி பாண்ட்ஸ் வெளியே

5 ஓட்டுக்கூட இல்லை. பேஸ்பாலின் ஜாம்பவான்களை மட்டும் சேர்க்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு யாரை எடுப்பது என்று 16 பேர் உட்கார்ந்து ஓட்டுப் போட்ட குழுவில், பேஸ்பாலிலேயே அதிக ஹோம் ரன் (நம் ஊர் சிக்சர் மாதிரி) அடித்த பாரி பாண்ட்ஸுக்கு 5 ஓட்டுக்கூட விழவில்லை. சரியாக எத்தனை விழுந்தது என்றுகூட வெளியே சொல்லவில்லை, ‘ஐந்துக்கும் குறைவு’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். அதே குழு, அதே நாள், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸில் அவரோடு ஒன்றாக ஆடிய ஜெஃப் கென்டுக்கு 14. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிவு வந்ததிலிருந்து நம் நண்பர்களில் சிலர் ‘நல்லா வேணும்’, ‘ஊசி போட்டு அடிச்சவனுக்கு இதுதான் கதி’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாண்ட்ஸ் எதையும் தொடவே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்து மாட்டிக்கொண்ட பால்கோ கம்பெனி இருந்த பர்லிங்கேம் எங்கோ தூர தேசத்தில் இல்லை, சான் பிரான்சிஸ்கோவுக்கு மேட்ச் பார்க்க ரயிலில் போகும்போது கடந்து போகிற ஊர். 2003 டிசம்பரில் கிராண்ட் ஜூரி முன்னால், பயிற்சியாளர் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னாரே, அதை நானும் நம்பவில்லை. போதுமா? இனி யாரும் இங்கே வந்து பால்கோ பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்தில் பேஸ்பாலே மருந்தில் ஓடியது என்றால், அதில் காசு பார்த்தவர்களுக்கும் பேர் வாங்கியவர்களுக்கும் மாலை போட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டு, இந்த மனிதரை மட்டும் ஏன் வாசலிலேயே நிற்க வைக்கிறீர்கள்?

பட் சீலிக் உள்ளே இருக்கிறார். பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான கமிஷனராக அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் இத்தனையும் நடந்தது. 1994-ல் வேலைநிறுத்தத்தால் வேர்ல்ட் சீரிஸே ரத்தாகி, கோபித்துக்கொண்டு போன ரசிகர்களை 1998-ல் மார்க் மெக்வையரும் சாமி சோசாவும் ஹோம் ரன் போட்டி போட்டுத் திரும்ப அழைத்து வந்தார்கள். ஒருவர் 70, இன்னொருவர் 66. மெக்வையரின் லாக்கரில் ஆண்ட்ரோ என்கிற தசை வளர்க்கும் மருந்துப் புட்டி இருந்ததை அந்த வருஷமே ஒரு நிருபர் பார்த்து எழுதிவிட்டார். என்ன செய்தார்கள்? அந்த நிருபரைத்தான் திட்டினார்கள். டிக்கெட் விற்றது, டிவி ஒப்பந்தம் ஏறியது, எல்லாருக்கும் சந்தோஷம். அந்த சீலிக்கை 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மெக்வையரின் மேனேஜர் டோனி லா ரூஸா 2014-லேயே போய்விட்டார். மெக்வையர் வெளியே, அவரை வைத்து ஜெயித்த மேனேஜர் உள்ளே. இது எந்த ஊர் நியாயம்?

‘விதி என்று ஒன்று இருக்கிறதே’ என்பீர்கள். 1991-ல் அப்போதைய கமிஷனர் ஊக்கமருந்து கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், உண்மைதான். சோதனை எப்போது வந்தது? 2003-ல். அதுவும் பெயர் வெளியிடாத, தண்டனை இல்லாத சோதனை. மாட்டியவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டியதால்தான் அடுத்த வருஷத்திலிருந்து உண்மையான சோதனையே தொடங்கியது. பன்னிரண்டு வருஷம் ஒரு காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ‘நேர்மை’, ‘நற்குணம்’ என்று ஓட்டு விதியை எடுத்து நீட்டுகிறார்கள். பேஸ்பால் நிர்வாகம் ஊக்கமருந்துக்காகப் பாண்ட்ஸை ஒரே ஒரு மேட்சுக்குக்கூடத் தடை செய்ததில்லை. நீதிமன்றத்திலும் கடைசியில் என்ன மிஞ்சியது? 2011-ல் நீதியைத் தடுத்தார் என்று ஒரே ஒரு குற்றச்சாட்டில் தண்டித்தார்கள், 2015-ல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது.

அப்புறம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டேவிட் ஓர்டிஸ். இவரைப் பற்றி மட்டும் யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். 2003 சோதனையில் மாட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாக 2009-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தப் பட்டியலின் முடிவுகளில் சந்தேகத்துக்கு இடம் உண்டு என்று 2016-ல் கமிஷனரே முன்வந்து அவருக்காகப் பேசினார். நல்லது. 2022-ல் நிருபர்கள் போட்ட ஓட்டில் முதல் முயற்சியிலேயே 77.9 சதவீதம், உள்ளே போய்விட்டார். அதே ஓட்டுச் சீட்டில் பாண்ட்ஸுக்கு அது பத்தாவது வருஷம், நிருபர்கள் ஓட்டில் கடைசி வாய்ப்பு, அதற்கப்புறம் குழுதான் கதி. 66 சதவீதம். தேவை 75. ஓர்டிஸ் சிரிப்பார், கட்டிப்பிடிப்பார், நிருபர்களோடு ஜாலியாகப் பேசுவார். பாண்ட்ஸ் முகம் கொடுத்துப் பேச மாட்டார், ஓய்வறையில் தனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு முதுகைக் காட்டுவார். ஓட்டுப் போட்டதோ அந்த நிருபர்கள். இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்?

கென்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 377 ஹோம் ரன், அதில் 351 செகண்ட் பேஸ்மேனாக ஆடி அடித்தது, அந்த இடத்தில் ஆடியவர்களில் அதுதான் அதிகம். அவர் உள்ளே போகட்டும். ஆனால் ஜயண்ட்ஸில் அவர் ஆடிய ஆறு வருஷமும் தலா நூறு ரன்னுக்கு மேல் அடித்து உள்ளே கொண்டுவந்தாரே, அதில் எத்தனை முறை பேஸில் நின்று ஓடி வந்தது பாண்ட்ஸ்? பாண்ட்ஸுக்குப் பயந்து வாக் கொடுத்துவிட்டு (அடிக்க முடியாதபடி நான்கு பந்து போட்டு, முதல் பேஸுக்குச் சும்மா போகவிட்டு) அடுத்து வந்த கென்டிடம் மாட்டிக்கொண்ட பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், எத்தனை பேர்? 2002-ல் சான் டியேகோவில் டக்அவுட்டிலேயே இரண்டு பேரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டதை டிவியில் எல்லாரும் பார்த்தோம். அந்த இருவரில் ஒருவரை மேடையேற்றி, இன்னொருவரைப் பார்த்து அதே நாளில் ‘நீ 2031 வரைக்கும் இந்தப் பக்கம் வராதே’ என்கிறார்கள்.

அந்த மனிதர் மட்டை பிடித்து நிற்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் மேட்சுக்கு அழைத்துப் போனார். பேஸ்பாலில் அப்போது எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. பாண்ட்ஸ் வந்து நின்றதும், கையில் பீர் வைத்திருந்தவர்கள்கூட அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். எதிரணி கேட்சர் எழுந்து நின்று ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார். பிட்சர் மட்டைக்கு எட்டாமல் தள்ளித் தள்ளி நான்கு பந்து போட்டார். அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மா பையைத் திறந்து மஞ்சள் ரப்பர் கோழி ஒன்றை எடுத்து, கழுத்தில் கயிறு கட்டிக் கம்பியில் தொங்கவிட்டார். கம்பியில் ஏற்கெனவே ஒரு கோழி தொங்கியது. கோழை என்று எதிரணியைச் சொல்வதற்காம். பெரியவர் என் காதுக்குள் கத்தினார், ‘பயப்படுகிறார்கள், தெரிகிறதா?’ தெரிந்தது. 688 முறை அப்படி வேண்டுமென்றே வாக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அதில் பாதிகூட இல்லை. 1998-ல் அரிசோனா அணி மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போதே வாக் கொடுத்தது, அதாவது ஒரு ரன்னைச் சும்மா தூக்கிக் கொடுத்தாலும் பரவாயில்லை, இவர் மட்டும் அடிக்கக் கூடாது! ஒரு மருந்தால் பந்தைத் தூரமாக அனுப்ப முடியலாம். ஆனால் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக் எது, விட வேண்டிய பால் எது என்று பிட்சர் கையை விட்டு வருவதற்குள் கண்டுபிடிக்கிற கண்ணை எந்த ஊசி கொடுக்கும், சொல்லுங்கள்.

‘மொத்தம் அடித்த 762 ஹோம் ரன்னும் பொய், ஒரே சீசனில் அடித்த 73-உம் பொய்’ என்கிறீர்கள். சரி, மருந்து தொடங்கியது 1998-க்கு அப்புறம் என்றுதானே அவரைப் பற்றி எழுதியவர்களே சொல்கிறார்கள்? அதற்குப் பிறகு அடித்த ஒன்றுவிடாமல் அழியுங்கள். 1998 முடிவில் 411 ஹோம் ரன், 445 ஸ்டோலன் பேஸ் (எதிரணி அசந்த நேரம் ஓடிப் பிடித்த பேஸ்), சிறந்த வீரருக்கான எம்விபி விருது மூன்று, ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது எட்டு. 400-400 என்பதை அதுவரை ஒருவரும் தொட்டதில்லை. இதை வைத்துக்கொண்டே எவனையும் உள்ளே அனுப்பலாம். இதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. ‘மருந்தால் மண்டை பெருத்தது பார்த்தீர்களா’ என்று போட்டோ போடுகிறார்கள்.

‘சுத்தமாக ஆடியவர்களின் கதி?’ நல்ல கேள்விதான், அவர்களுக்கு வலி இருந்திருக்கும். ஆனால் அந்த வலியைக் காட்டித்தானே சீலிக்கையும் உள்ளே விடாமல் இருந்திருக்க வேண்டும்? பந்தில் எச்சிலும் வாசலினும் தடவிப் போட்டதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட கேலார்ட் பெர்ரியை 1991-ல் சேர்த்தார்கள். ஊர் சிரித்து ரசித்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஓய்வறைகளில் கிரீனி என்கிற ஊக்க மாத்திரை மிட்டாய் மாதிரி புழங்கியது, அதற்குச் சோதனை வந்தது 2006-ல். அந்தக் காலத்து ரிகார்டுகளில் யாரும் கை வைக்கவில்லை.

என் பையனுக்கு எட்டு வயதில் லிட்டில் லீக் ஜெர்சி நம்பர் கொடுக்கிற நாளில் பாண்ட்ஸின் 25 வேண்டும் என்று கேட்டான். கோச், மற்ற பிள்ளைகள் எல்லாம் நிற்கும்போது, ‘ஏமாற்றுக்காரன் நம்பர் உனக்கு எதற்கு?’ என்று கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதர் அன்று போட்டிருந்தது கார்டினல்ஸ் தொப்பி! மெக்வையர் 70 அடித்த அணி! நான் ஒன்றும் சொல்லவில்லை, சுற்றிலும் எல்லாப் பெற்றோரும் நிற்கிறார்கள், நமக்கு ஆங்கிலமும் கோபத்தில் தடுமாறும். அவன் 11-ஆம் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தான். கார் வரைக்கும் வாய் திறக்கவில்லை. ‘விளையாட்டுதானே, ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய்’ என்று எழுதியிருந்த நண்பருக்கு இதுதான் பதில்.

2007 ஆகஸ்ட் 7 ராத்திரி பாண்ட்ஸ் தன் 756-ஆவது ஹோம் ரன்னை அடித்து ரிகார்டை உடைத்தபோது பெரிய திரையில் ஹாங்க் ஏரன் வந்து வாழ்த்துச் சொன்னார். கறுப்பர் என்பதற்காக, வெள்ளைக்காரரான பேப் ரூத்தின் எண்ணிக்கையை நெருங்கிய காலத்தில் கொலை மிரட்டல் கடிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கியவர் அவர். யார் ரிகார்டு உடைந்ததோ அவரே வாழ்த்தினார். ஆனால் அந்தப் பந்தை ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த ஒரு பணக்காரர், இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, அதன்மேல் ‘இந்த ரிகார்டு சந்தேகத்துக்குரியது’ என்று சொல்லும் நட்சத்திரக் குறியைப் பொறித்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிற ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாண்ட்ஸும் கறுப்பர்தான். ‘இதில் நிறம் எங்கே வந்தது, ஊக்கமருந்துப் புகாரில் சிக்கிய வெள்ளைக்கார பிட்சர் கிளெமன்ஸும்தானே வெளியே’ என்பீர்கள். கிளெமன்ஸ் போட்ட எந்தப் பந்தில் குறி பொறித்தார்கள், காட்டுங்கள் பார்ப்போம். பாண்ட்ஸை அவமானப்படுத்திய பந்துக்கு அங்கே இடம் இருக்கிறது. பாண்ட்ஸுக்கு இல்லை.

அந்த வருஷம் அவர் 28 ஹோம் ரன் அடித்தார், மட்டை பிடித்ததில் 48 சதவீதம் பேஸுக்குப் போனார். அடுத்த வருஷம் ஒரு அணிகூடக் கூப்பிடவில்லை. முப்பது அணியில் ஒன்றுகூட.

இந்த முறை 5 ஓட்டு வாங்காததால் புதிய விதிப்படி அடுத்த 2028 குழுவில் அவர் பெயர் வராது. வந்தால் 2031. அப்போது அவருக்கு 67 வயது. அதிலும் 5 ஓட்டு வாங்கவில்லை என்றால் அதற்கப்புறம் பெயரே வராது. ஹால் ஆஃப் ஃபேமில் மாட்டுகிற பலகையில் பால்கோ என்று கொட்டை எழுத்தில் பொறித்தே சேருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. 73 என்றும் கூடவே பொறியுங்கள். முடியாது என்றால் சீலிக்கின் பலகையை முதலில் கழற்றுங்கள். இனி யார் என்னோடு வாதாட வந்தாலும் ஓர்டிஸிலிருந்து ஆரம்பியுங்கள். மண்டை போட்டோ வேண்டாம்.