எந்த மேடிசனின் நோக்கம்?
அமெரிக்காவை நிறுவியவர்கள் எல்லோருமே அதிகாரம் சுருங்கிய அரசைத்தான் விரும்பினார்கள், இன்றைய நீதிபதிகள் அந்த நோக்கப்படியே அரசியலமைப்பைப் படிக்க வேண்டும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை அடித்துச் சொல்கிறது, அந்த 'எல்லோருமே' எனக்கு ஒப்பவில்லை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த இரண்டே வருடத்தில், 1791-ல், தேசிய வங்கி தொடங்கலாமா என்று முதல் அதிபர் வாஷிங்டன் கேட்டபோது வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் கூடவே கூடாது என்றார், நிதி அமைச்சர் ஹாமில்டன் தாராளமாகத் தொடங்கலாம் என்றார், இரண்டு பேரும் ஆதாரம் காட்டியது அதே ஆவணத்தைத்தான். அந்த வங்கிக்கு அரசியலமைப்பில் இடமே இல்லை என்று பிரதிநிதிகள் சபையில் வாதாடியவர், அரசியலமைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த மேடிசன்; அதே மேடிசன், 1816-ல் அதிபராக இருந்து இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார். இதில் எந்த மேடிசனுடைய நோக்கத்தை இன்றைய நீதிபதி எடுத்துக்கொள்வது? மேலே பின்னூட்டத்தில் ஒருவர், மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்னும் பத்தாவது திருத்தத்தைக் காட்டியிருக்கிறார். சரி, ஆனால் இந்த அரசியலமைப்புக்கு முன்பு மாநிலங்களை இணைத்திருந்த கூட்டமைப்பு விதிகளில் 'வெளிப்படையாக' ஒப்படைக்கப்பட்ட அதிகாரங்கள் என்று இருந்தது, அந்த ஒரு சொல்லைத் திருத்தத்திலும் சேர்க்கச் சிலர் கேட்டபோது, சொல்லாமல் தொக்கி நிற்கும் அதிகாரங்கள் இல்லாமல் எந்த அரசையும் நடத்த முடியாது என்று எதிர்த்தவரும் மேடிசன்தான், சபையும் அதைச் சேர்க்கவில்லை. அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்பதில் அவர்களுக்குள் பேதமில்லை, நானும் அதை முழுமனதோடு ஏற்கிறேன், அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கடைசிவரை மோதிக்கொண்டார்கள். அப்புறம், மக்களின் மருத்துவத்தில் அரசு தலையிடுவதை அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் 1798-ல் அன்றைய அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும்: வணிகக் கப்பல் மாலுமி ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதம் 20 சென்ட் பிடித்து, துறைமுகச் சுங்க அதிகாரியிடம் கட்டி, நோயில் விழுந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் சிகிச்சை கொடுத்தார்கள்.