30,000 யூரோ விசாவுக்குப் போதும், ஆஸ்பத்திரிக்கு?

பயணக் காப்பீடு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) 30,000 யூரோ காப்பீடு போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. 60 வயது தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பாலிசியில் சப்-லிமிட் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் பல பாலிசிகளில் அறை வாடகை, ஐசியூ, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். மீதி நம் கையிலிருந்துதான். சப்-லிமிட் இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கூடும், கொடுக்கலாம்.

சர்க்கரை, பிபி இருப்பதை தயவுசெய்து மறைக்காதீர்கள். மாரடைப்பு என்று க்ளெய்ம் போனால் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள், அங்கேயே நிராகரித்துவிடலாம்.

அட்மிட் ஆகும் முன்பே, முடியாவிட்டால் சேர்த்த கையோடு, பாலிசியில் உள்ள உதவி எண்ணை அழையுங்கள். கேஷ்லெஸ் அனுமதி, அதாவது ஆஸ்பத்திரி பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவதற்கான ஒப்புதல், அங்கிருந்துதான் வரும்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் ஏர்லைன் கவுண்டரில் பிஐஆர் (பெட்டி வரவில்லை என்று ஏர்லைன் பதிவுசெய்து தரும் புகார் அறிக்கை) வாங்கிவிடுங்கள்.