ஃபாஸ் ஆன்டிபாடி விற்கிறவர்களே, ஃபாஸ் ஜீனை நீக்கிய (நாக்அவுட்) செல்லில் சோதித்தீர்களா?

செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதம் ஃபாஸ்; தூண்டினால் செல்லைச் சாகவைக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஆன்டிபாடியை நினைத்தாலே வயிறு எரிகிறது. அதே கம்பெனி, அதே கேட்டலாக் நம்பர், லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) மட்டும் வேறு. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனில் ஒற்றி ஆன்டிபாடியைப் போட்டால் (வெஸ்டர்ன் பிளாட்), பழைய குப்பியில் 45 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் சுத்தமாக ஒரே பேண்ட் வரும். இதில் மெம்பரேன் முழுக்கப் பேண்டுகள். முயலிலிருந்து எடுத்த பாலிக்ளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் மாறினால் ஆன்டிபாடிக் கலவையும் மாறும். அது விற்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் அதே நம்பரில், அதே விலையில் எப்படி அனுப்புகிறார்கள்?

கேட்டால் "ஆப்டிமைஸ் செய்யுங்கள்" என்று பதில். மெம்பரேனில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் போடும் பால்பவுடரை மாற்றியாயிற்று, ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கவைத்துப் பார்த்தாயிற்று, கழுவும் நேரத்தைக் கூட்டியாயிற்று. அப்புறம் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "கிளைக்கோசைலேஷனாக இருக்கும்." ஃபாஸ் 335 அமினோ அமிலம் கொண்ட புரதம், கணக்குப்படி சுமார் 38 கிலோடால்டன், சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருப்பதால் ஜெல்லில் அதற்கும் மேலே நிற்கும். சரி, உண்மைதான். அதற்காகக் கண்ட பேண்டையெல்லாம் ஃபாஸ் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? அந்தச் சர்க்கரையை வெட்டியெடுக்க பிஎன்ஜிஏஸ் எஃப் என்ற என்சைம் இருக்கிறது. போட்ட பிறகு பேண்ட் கீழே இறங்குகிறதா என்று விற்பவர்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்!

டேட்டா ஷீட்டில் இருக்கும் படம் அதைவிடக் கோபத்தைக் கிளப்புகிறது. ஃபாஸை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்த செல்லின் லைசேட் (செல்லை உடைத்தெடுத்த சாறு) அது. அவ்வளவு புரதம் இருந்தால் சுமாரான ஆன்டிபாடிகூட அதைப் பிடித்துவிடும். ஃபாஸ் ஜீனை நீக்கிய செல்லில் அந்தப் பேண்ட் மறைகிறதா என்பதுதான் கேள்வி. ஜீனை வெட்டும் கிரிஸ்பர் முறை வந்து இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு லேனைக் காட்ட இவர்களுக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் ஃபாஸ் கதை தொடங்கியதே ஆன்டிபாடியில்தான். 1989-ல் ஜப்பானில் யோனெஹாரா குழுவும் ஜெர்மனியில் கிராமர் குழுவும் செல்லைச் சாகடிக்கும் ஆன்டிபாடிகளைத் தனித்தனியாகக் கண்டார்கள். 1991-ல்தான் நகாடா குழு ஜீனைப் பிரித்தெடுத்தது. யோனெஹாராவின் சிஎச்11 ஆன்டிபாடி ஏற்பியைத் தூண்டிச் செல்லைக் கொல்லும், இசட்பி4 என்ற இன்னொரு ஆன்டிபாடி அதைத் தடுக்கும். எது எந்த வகை என்பது உயிருள்ள செல்லில் போடுகிறவருக்கு எவ்வளவு முக்கியம்? எங்களுக்கு வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குப்பியில் கலந்திருக்கும் சோடியம் அசைடும் செல்லுக்கு விஷம்தான். அதைப் பொடி எழுத்தில் எங்கோ மூலையில் போட்டிருக்கிறார்கள்.

2015-லேயே ஆன்டிபாடி ஆய்வாளர்கள் பிராட்பரியும் ப்ளூக்தூனும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து நேச்சர் இதழில் கேட்டார்கள்: வரிசை தெரிந்த, ஜீனிலிருந்து ஆய்வகத்தில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளுக்கு மாறுங்கள் என்று. யார் காதில் விழுந்தது? இங்கே ஒரு மாணவி, மருந்து கொடுத்த புற்றுநோய்ச் செல்லில் ஃபாஸ் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாமல், ஆய்வேட்டை நகர்த்த முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். குப்பியைத் திறந்துவிட்டதால் தர முடியாதாம். திறக்காமல் எப்படி ஐயா சோதித்துப் பார்ப்பது?