ஒரே பாட்டு, ஐந்து பிரதி

காலை ஏழரை மணி, 100ஆம் இலக்க பஸ், வெள்ளவத்தை நெரிசல். ஒரு கை கம்பியில், மறு கையில் போன். போன் சொல்கிறது: சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. கனடாவிலிருந்து மாமி அனுப்பிய குரல் பதிவை இறக்கவும் இடமில்லையாம். 64 ஜிபி போனில் 31 ஜிபி பாட்டு. சரி, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று அழிக்கத் தொடங்கினேன்.

அழிக்கிறதாம்!

முதல் பாட்டிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே பாட்டு, ஐந்து பிரதி. ஒன்றுக்குப் பெயர் ‘டிராக் 07’. அடுத்ததில் பாடியவர் இடத்தில் ஏதோ இணையதளத்தின் பெயர், இசையமைத்தவர் இடத்திலும் அதே பெயர். தளமே சங்கீதம் படித்து வந்து பாடிக் கொடுத்தது போல! மூன்றாவதின் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாக. நாலாவது 320 கேபிபிஎஸ், மற்றதெல்லாம் 128; ஒரு விநாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு, கூடக் கூடத் தரமும் கூடவேண்டும். ஐந்தாவது, அப்பாவின் கசெட்டிலிருந்து நானே மாற்றியது. வானொலியில் போனதைப் பதிந்திருக்கிறார். கடைசிச் சரணத்தின்மேல் அறிவிப்பாளர் ஏறி நின்று நேரம் சொல்கிறார்.

பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை எறி என்பீர்கள். ஐந்து நிமிடப் பாட்டு 128இல் 5 எம்பிகூட வராது, 320இல் 12 எம்பி. கொடுக்கலாம். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அந்த 128ஐயே எடுத்து 320 ஆக ஊதி வைத்திருந்தால்? ஒருமுறை வெட்டுப்பட்ட மேல்சுரம் திரும்பி வராது. பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு லீற்றர் கணக்குக் காட்டுகிற வேலை.

காதால் கேட்டே தீர்மானிப்போம் என்று ஹெட்போனை மாட்டினேன். பம்பலப்பிட்டியில் முதல் பிரதி. சாரதியின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் பைலா. கொள்ளுப்பிட்டியில் இரண்டாவது பிரதி. அதே பைலா, இன்னும் உரக்க. என் பாட்டில் வயலின் கேட்கிறதா, பஸ்ஸின் பிரேக் கேட்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. திரும்ப முதலாவது. திரும்ப இரண்டாவது. பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம்.

காலிமுகத்திடலில் மனதைக் கல்லாக்கி ‘டிராக் 07’ஐ அழித்தேன். அழித்த கையோடு சந்தேகம்: முன்னிசை முழுசாக இருந்தது அதில்தானோ? போய்ப் பார்த்தால் ஐயா போனின் குப்பைத்தொட்டியில் சுகமாக இருக்கிறார். அங்கே 30 நாள் தங்குவாராம். ஆக, மிச்சமான இடம் பூச்சியம். சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துத் திரும்ப உள்ளே போட்டேன்.

“ஏன் மச்சான் சேர்த்து வைக்கிறாய், ஆன்லைனில் கேளேன்” என்று ஒருவன் சொல்வான். போன மாதம் பட்டியலில் இருந்த பாட்டு இந்த மாதம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, அதை அவனே கேட்கட்டும். அப்பாவின் அறிவிப்பாளர் எந்த ஆன்லைனில் நேரம் சொல்கிறார்?

புறக்கோட்டையில் இறங்கினேன். ஒன்றரை மணித்தியாலம், அழித்தது ஒன்றுமில்லை, மாமி என்ன சொன்னார் என்று இன்னும் தெரியாது.

இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. 500 ரூபாய்த் தாளுக்கு மிச்சக்காசு! பிறகு தருகிறேன் என்ற கொண்டக்டரும் பஸ்ஸும் எங்கேயோ. டிக்கெட்டாவது தந்தானா?