பலகையில் இல்லாத வரி

எங்கள் ஊருக்குத் திரும்பும் உள்வீதியின் முகப்பில் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. போர் முடிந்த பிறகு வெளிநாட்டுக் கடனுதவியில் போடப்பட்ட வீதி அது. உதவிய நாட்டின் கொடி பலகையில் இருக்கிறது. அமைச்சின் பெயரும் திட்டத்தின் பெயரும் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. ‘மதிப்பீட்டுத் தொகை’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளியும் வைத்திருக்கிறார்கள். அதற்கப்பால் வெறும் வெள்ளைப் பெயின்ட். அந்த இடத்தில் ஒரு நாளும் எண் எழுதப்பட்டதில்லை. வீதியோ இரண்டாவது மாரிக்கே ஓரம் அரித்துப் போயிற்று.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிள்ளையார் கோயில். கொடியிறங்கி ஒரு மாதம் ஆவதற்குள் திருவிழாக் கணக்கு முன்மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டுவிடும். மேளம் இவ்வளவு, பூமாலை இவ்வளவு, தண்ணீர்ப்பந்தலுக்குச் சீனி இத்தனை கிலோ, கையிருப்பு இவ்வளவு. லண்டனிலிருந்து காசு அனுப்பியவரின் பெயரும், சந்தையில் மீன் விற்று ஐந்நூறு ரூபாய் கொடுத்த அம்மாவின் பெயரும் ஒரே தாளில் இருக்கும். கற்பூரச் செலவு கூடிவிட்டதே என்று ஒரு முதியவர் ஒருமுறை கேட்டார். பொருளாளர் கோபிக்கவில்லை. பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

‘வெளிப்படைத்தன்மை’ என்பது வெள்ளைக்காரன் உதவி தருவதற்காக நம்மேல் சுமத்தும் நிபந்தனை என்று படித்தவர்களே எழுதும்போது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. கணக்குக் கேட்பது நமக்கு யாரும் கற்றுத்தந்த பழக்கமல்ல.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிவாயு வரிசையில் விடிய விடிய நின்ற எங்களுக்கு, நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது, யாருக்கெல்லாம் வரிச்சலுகை கொடுத்தது என்பதெல்லாம் அதன் பிறகுதான் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டாலருக்கு ஒப்புதல் அளித்தது. நான்கு ஆண்டுகளில், தவணை தவணையாக. அந்தத் திட்டத்தோடு சில உறுதிமொழிகளும் வந்தன: பெரிய கொள்முதல் ஒப்பந்தங்கள், வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்கள், சொகுசு வாகன இறக்குமதிக்கு வரிச்சலுகை பெற்றவர்கள் ஆகிய விவரங்களை அரசு இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கையின் ஆளுகைக் குறைபாடுகளைப் பற்றிய நிதியத்தின் அறிக்கையும் வெளிவந்தது. ஆசியாவில் அப்படியோர் ஆய்வுக்கு உட்பட்ட முதல் நாடு நாம்.

என் மனம் கொதிப்பது இங்கேதான். அந்தப் பட்டியல்கள் நம் பணத்தைப் பற்றியவை. பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டிய நாம் கேட்டபோது கிடைக்காதவை, வாஷிங்டனில் ஒரு தவணை நிற்கிறது என்றதும் வெளிவந்தன. அடுத்த தவணை தேவைப்படாத காலம் வந்தால் அந்தப் பக்கத்தை யார் புதுப்பிப்பார்கள்?

உதவிக்கும் கணக்குக்கும் உள்ள உறவை நினைக்கும்போதெல்லாம் உகண்டாவுக்குப் போய்விடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே வெளிநாட்டு உதவி தாராளமாக வந்தது. ஆரம்பப் பாடசாலைகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு பணம் ஒதுக்கியது. ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது. உலக வங்கி ஆய்வாளர்கள் பாடசாலை பாடசாலையாகப் போய் வரவுப் புத்தகத்தைப் புரட்டியபோது, 1991 முதல் 1995 வரை அந்த மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சம் மாவட்ட மட்டத்திலேயே நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு மாதமும் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பாடசாலைகளும் தமக்குக் கிடைத்த தொகையை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டியிருந்தது. 2001இல் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை மட்டுமா இதற்குக் காரணம் என்று பொருளியலாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். வாதிடட்டும். தன் பிள்ளையின் பாடசாலைக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரிந்த தகப்பனுக்குத்தான் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்க வாய் வரும்.

மொசாம்பிக்கில் நடந்தது இதன் மறுபக்கம். 2013, 2014இல் மூன்று அரச நிறுவனங்கள் சூரை மீன்பிடி, கடலோரக் காவல் என்று சொல்லி, அரச உத்தரவாதத்தோடு சுமார் 2 பில்லியன் டாலர் கடன் வாங்கின. அதில் பாதிக்கு மேல் நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016இல் அது வெளியானதும் நாணய நிதியமும், வரவு செலவுத் திட்டத்துக்கு நேரடியாக உதவி வந்த நாடுகளும் பணத்தை நிறுத்தின. நாணயத்தின் மதிப்பு சரிந்தது. ஒளித்தவர்கள் ஒரு சிலர். மருந்துக்கும் பாணுக்கும் தவித்தவர்கள், அந்தக் கடனைக் கேள்வியே பட்டிராத சனங்கள். உதவி தருபவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட முடியும். ஊர்ச்சனம் எங்கே போகும்?

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். அதை நம்பி, அந்த வீதியின் ஒப்பந்தத் தொகை, வேலையை எடுத்தவர், பராமரிப்புக் காலம் ஆகிய மூன்றையும் கேட்டு ஓர் அரச அலுவலகத்துக்கு எழுதினேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: திட்டம் கொழும்பிலிருந்து நேரடியாக நடத்தப்பட்டதால் விவரங்கள் இங்கு இல்லை. நம் ஊர் வீதியின் கணக்கு நம் ஊரில் இல்லை.

போன வாரம் கொழும்புக்கு எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அதே மூன்று கேள்விகள்தான். கீழே ஒரு வேண்டுகோளையும் சேர்த்திருக்கிறேன்: தொகையைப் பலகையில் எழுத அனுமதியுங்கள், பெயின்டும் தூரிகையும் நான் வாங்கித் தருகிறேன்.