ஓடிபி வந்துச்சா தம்பி?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து செல்வராசு அண்ணன்.

“தம்பி, ஐயா போனுக்கு ஒரு ஓடிபி வரும், பாத்துச் சொல்லுங்க. வெரசா சொல்லுங்க, எனக்குப் பின்னாடி இருவது பேரு நிக்கிறாங்க.”

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம். அந்த எண் இல்லாவிட்டால் இனிமேல் மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவிப் பணம் நின்றுவிடும் என்று ஊரில் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. அந்தச் சமயம் இங்கே இருந்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் போனை என்னிடம் நீட்டினார். ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பக்கம் ஒரு பையன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “ஆயிடுச்சு தம்பி” என்றார் அண்ணன். என் அப்பா தேநீரை உறிஞ்சிக்கொண்டே பதிவு பெற்ற விவசாயி ஆகிவிட்டார்.

அப்பா கடைசியாக வயலில் இறங்கியது பதினோரு வருஷத்துக்கு முன்னால். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் பன்னிரண்டு மா நிலத்தில் (நாலு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) அன்றிலிருந்து இன்றுவரை உழுவது, விதை விடுவது, மருந்தடிப்பது, மழையில் சாய்ந்த கதிரைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்காருவது எல்லாம் செல்வராசு அண்ணன்தான். குத்தகை மாவுக்கு இரண்டு மூட்டை. வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. அப்பாவின் பட்டா நகலையும் ஆதார் நகலையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு, அந்த வரிசையில் நின்றவரும் அவர்தான். அவருக்கு எண் கிடையாது. அவர் பேரில் பட்டா இல்லையே!

வேளாண் மானியத்தைப் பற்றி இங்கே நம் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். ஒன்று, “விவசாயி பாவம், அள்ளிக் கொடுக்கணும்.” இன்னொன்று, “எல்லாத்தையும் நிறுத்தணும், சலுகையாலதான் நாடு கெட்டுது.” கொடுக்கிற பணம் யார் கைக்குப் போகிறது என்று இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பதில்லை. என் கைக்கு வருகிறது ஐயா. ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கும் என் குடும்பத்துக்கு வருகிறது.

கணக்கைச் சொல்கிறேன். பிஎம் கிசான் 2019இல் அறிவித்த திட்டம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்காரருக்கு ஒரு பைசா இல்லை. அது சின்னத் தொகை, விடுங்கள். 2021 ஜனவரியில் பருவம் தப்பிக் கொட்டிய மழையில் டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற சம்பா மூழ்கியது. கதிரிலேயே முளைவிட்ட நெல்லை அண்ணன் கையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விரல் இடுக்கில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எங்கள் நிலத்துக்கு வந்த 32,000 ரூபாய் அப்பாவின் கணக்கில் ஏறியது. அப்பா பாதியை அவரிடம் கொடுத்தார். தாராளமாகக் கொடுத்ததாகத்தான் எங்கள் வீட்டில் பேச்சு. விதை அவருடையது, உரம் அவருடையது, நஷ்டம் முழுக்க அவருடையது.

அடுத்த மாதமே கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த வருஷம் எங்கள் சிட்டாவை (நிலம் யார் பேரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) காட்டி அப்பா பயிர்க்கடன் வாங்கியிருந்தார். தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடன், யார்தான் விடுவார்கள்? அந்தப் பணத்தில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து நடந்தது. நானும் இங்கிருந்து வீடியோவில் பார்த்தேன். அந்தக் கடன் தள்ளுபடி ஆனது. அதே வயலில் நெல் போட செல்வராசு அண்ணன் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கிய கடன் அப்படியே நின்றது. சிட்டா இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் என்ன வேலை?

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்பா படித்தால் வருத்தப்படுவார். (முகநூல் பார்க்கமாட்டார், அக்கா படித்துக் காட்டுவாள்.) ஆனால் எங்கள் வீட்டில் யாரும் திருடவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. விதி அப்படி.

நெல் விற்பதிலும் இதே கதை. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து விலை வைத்தார்கள். அறுபது கிலோ மூட்டைக்கு 1,527 ரூபாய் ஆகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அந்த விலைக்குப் போட வேண்டுமென்றால் சிட்டாவும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். சாகுபடி செய்பவர் பேரில் அடங்கல் வேண்டுமென்றால் நிலத்துக்காரர் சம்மதம் கேட்பார்கள். அதை அப்பா தரமாட்டார். அதனால் அண்ணன் களத்துமேட்டிலேயே வியாபாரிக்கு 1,200 ரூபாய்க்குப் போட்டார். அந்த வியாபாரி அதே நெல்லை யாரோ ஒருவருடைய சிட்டாவில் நிலையத்தில் போட்டிருப்பார். மூட்டைக்கு முந்நூறு ரூபாய் வித்தியாசம் எங்கே போனது என்று புரிகிறதா?

இலவச மின்சாரமும் கிணறு, போர்வெல் வைத்திருக்கிறவருக்குத்தான். அதை நான் குறை சொல்லவில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டணத்தை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் உயிரைக் கொடுத்துப் போராடி வாங்கியது அது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1989க்குப் பிறகு கருணாநிதி ஆட்சியில் எல்லாருக்கும் என்று வந்தது. ஆனால் மேட்டூர்த் தண்ணீரை நம்பிக் கடைமடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

செல்வராசு அண்ணன் கையால் தொடுகிற ஒரே மானியம் யூரியா. நாற்பத்தைந்து கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஐம்பது கிலோ டிஏபி 1,350. 2010இல் சத்து அடிப்படையில் உர மானியம் என்று மாற்றியபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா மட்டும் மலிவாகவே நின்றது. விளைவு, கையில் காசு இல்லாதவர் எதை வாங்கி வீசுவார்? பயிர் கரும்பச்சையாக, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக நிற்கும். அப்புறம் புகையான் பூச்சி வரும், ஒரு காற்றுக்குச் சாயும். மருந்துக்கு மறுபடி வட்டிக்கு வாங்க வேண்டும். மலிவு விலையில் கொடுத்தே ஒருவரைக் கடனாளி ஆக்க முடியும் என்பதை நான் அந்த வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் வாழும் ஊருக்கு வருகிறேன். சிங்கப்பூரைக் காட்டி இந்தியாவுக்குப் பாடம் நடத்துகிற பதிவுகள் எனக்கும் எரிச்சல்தான். இந்த ஊரில் விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலமே மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காடு அளவுக்குத்தான். உயர்தொழில்நுட்பப் பண்ணைகளுக்கு இவர்களும் மானியம் கொடுத்தார்கள். 2030க்குள் நம் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். பல பண்ணைகள் மூடிவிட்டன, அந்த இலக்கையும் 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். ஆகவே பயிர் விஷயத்தில் இங்கே கற்க அதிகம் இல்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. வேலைநலன் துணை வருமானத் திட்டம். 2007 முதல் நடக்கிறது. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் சிங்கப்பூரருக்கு அரசு கொஞ்சம் ரொக்கமும் கொஞ்சம் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலும் போடுகிறது. 2025 முதல் மாதம் 3,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) சம்பாதிக்கிறவர்களுக்கு உண்டு. எங்கள் புளோக்கில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கு அது வருகிறது. வேலை செய்தால்தான் வரும், வேலை செய்கிறவர் பேரில்தான் வரும். அவர் கூட்டுகிற தளத்தின் சொந்தக்காரருக்குப் போகாது. கணவன் மனைவிக்குச் சேர்த்து இரண்டு வீடு இருந்தால் கிடையாது என்றும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். உழைப்பை அடையாளம் கண்டு அதன் பின்னால் பணத்தை அனுப்ப முடிகிறது. அவ்வளவுதான் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது.

ஊரில் இதை ஏன் செய்ய முடியவில்லை? இங்கேதான் சிக்கல். 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது. அடுத்த வருஷம், குத்தகைக்கு உச்ச அளவு வைத்த நியாய வாரச் சட்டம். 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம். தஞ்சைப் பண்ணைகளில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு வந்த சட்டங்கள், அந்தக் காலத்துக்கு மிகவும் தேவையானவை. ஆனால் நாளடைவில் நிலத்துக்காரர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: எழுதினால்தானே சட்டம், எழுதாமலே விட்டுவிடலாம். என் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். “பேரை ஏத்திட்டா நெலம் போயிடும்டா.” பக்கத்து ஊரில் யாருக்கோ போனதாம். யாருக்கு என்று கேட்டால் பெயர் வராது, ஆனால் பயம் உண்மையானது.

சரி, அந்தப் பயத்தை எப்படிக் கையாள்வது? மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2016இல் ஒரு மாதிரி நிலக் குத்தகைச் சட்டம் தயாரித்தது. உடைமை உரிமை நிலத்துக்காரரிடமே இருக்கும், சாகுபடி செய்கிறவருக்குக் கடனும் காப்பீடும் நிவாரணமும் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஒடிசாவில் காலியா (KALIA) என்ற உழவர் உதவித் திட்டம் குத்தகைக்காரரையும் நிலமற்ற கூலிக்காரரையும் கணக்கில் எடுத்தது. ஆந்திராவில் 2019இல் பதினோரு மாதச் சாகுபடியாளர் அட்டை கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை, ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். எத்தனை அப்பாக்கள் கையெழுத்துப் போடுவார்கள், சொல்லுங்கள்? தெலங்கானாவிலோ ஏக்கர் கணக்கில் பட்டாதாரருக்குக் கொடுத்தார்கள், உச்சவரம்புகூட இல்லாமல். ஐம்பது ஏக்கர் வைத்துக்கொண்டு ஹைதராபாத்தில் இருப்பவருக்கும் போனது.

என் கருத்து இதுதான். பருவத்துக்குப் பருவம் யார் சாகுபடி செய்கிறார் என்று ஒரு பதிவு வேண்டும். அந்தப் பதிவால் நிலத்தில் எந்த உரிமையும் வராது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். நிலத்துக்காரர் கையெழுத்து கேட்கக் கூடாது. கிராம சபையில் வாசித்தால் போதும். எந்த வயலை யார் உழுகிறார் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாது. நிவாரணம், காப்பீடு, பயிர்க்கடன், கொள்முதல் எல்லாம் அந்தப் பதிவின் பேரில் நடக்கட்டும். பட்டாவுக்கு என்று தனியாகப் பணம் எதற்கு?

அப்படிச் செய்தால் குத்தகையை ஏற்றிவிடுவார்கள், கொடுக்கிற மானியத்தை நிலத்துக்காரரே மறைமுகமாக வாங்கிக்கொள்வார் என்று ஒரு நண்பர் சொன்னார். நடக்கும். கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். நியாய வாரச் சட்டம் இருந்தும் குத்தகை வாய்ப்பேச்சில்தானே ஓடுகிறது. ஆனாலும் 32,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறி, அதில் பாதியை அப்பா கேட்பதற்கும், இப்போது நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கேட்க வேண்டியவர் மாறுகிறார்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் இரண்டாம் கட்சி நண்பருக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது நினைவிருக்கிறதா? அந்த வார இறுதியில் தேக்காவில் நானும் இரண்டு மூட்டை பொன்னி கூடுதலாகத் தூக்கினேன். தடையே இல்லாத புழுங்கல் அரிசியைத் தூக்கினோம் என்பது வேறு விஷயம். வரிசையில் எனக்கு முன்னால் தள்ளுவண்டி நிறைய நின்றவர் நீங்கள்தான். பிறகு சிங்கப்பூர் கேட்டு 50,000 டன்னுக்கு அனுமதி வாங்கியது, நாமும் மூச்சு விட்டோம். அந்தத் தடை எதற்கு? அங்கே நகரத்தில் அரிசி விலை ஏறக் கூடாது என்பதற்கு. அதாவது நல்ல விலை வருகிற நேரத்தில் விளைவித்தவன் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது. இதைச் செய்துவிட்டு மானியம் கொடுக்காதே என்றால் எப்படி?

போன மாதம் அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். அண்ணன் பேரில் அடங்கலுக்குச் சம்மதம் கொடுங்கள், நெல்லையாவது நிலையத்தில் போடட்டும் என்றேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். “எங்காலம் முடிஞ்சு பட்டா உம் பேருக்கு வரும்ல, அப்ப நீ எழுதிக் குடு” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரவு படுத்த பிறகு யோசித்தேன். பட்டா என் பேருக்கு வந்தால் எழுதிக் கொடுப்பேனா? ஈசூனில் இருந்துகொண்டு, நாலாயிரம் கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்தில், காகிதம் இல்லாமலே வருஷா வருஷம் வந்து சேரும் இருபத்துநாலு மூட்டை நெல்லுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு?

நேற்று மாலை செல்வராசு அண்ணன் கூப்பிட்டார். பிஎம் கிசான் தவணைப் பணம் ஊரில் சிலருக்கு ஏறியிருக்கிறதாம். ஐயாவுக்கு வந்துச்சா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். வராவிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டுமே, திங்கட்கிழமை நடவுக்கு ஆள் சொல்லியிருக்கிறாராம்.